அது கோளாறு இல்லை, போதுமா?

தத்தெடுத்த தெருநாயைத் திருப்பிக் கொடுத்தவர் போட்ட அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் லிங்க் தரப் போவதில்லை. ‘மனசே இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டோம், எங்கள் வீட்டுக்கு அது செட் ஆகவில்லை’ என்று நாலு பத்தி, கூடவே நாயோடு கடைசி செல்ஃபி, கீழே ‘உங்கள் மனசு யாருக்கு வரும்’ என்று வரிசையாக ஆறுதல். செட் ஆகாத காரணங்களையும் அவரே எழுதியிருக்கிறார். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறதாம், கூப்பிட்டால் வருவதில்லையாம், சாப்பாட்டை ஒளித்து வைக்கிறதாம், துடைப்பத்தை எடுத்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறதாம். நாய் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை!

வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அவர் எழுதியதில் ஒன்றுகூட கோளாறு இல்லை. பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை ஒரு குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்குப் பயமில்லாத உலகம். அந்த வயதில் சாக்கடை ஓரம் கிடந்ததற்கு மிக்ஸி சத்தம் தெரியாது, வழுக்கும் டைல்ஸ் தெரியாது, சீலிங் ஃபேன் தெரியாது. ஓங்கிய கை தெரியும். துடைப்பம் அதன் மேல் எதற்காகப் பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள், பெருக்குவதற்கா? தத்துக் கொடுக்கிறவர்களே முதல் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். 3 நாள் மிரட்சி, 3 வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், இது நம் வீடு என்று தோன்றவே 3 மாதம் ஆகும். இந்தக் கணக்கும் கறார் கிடையாது, சிலதுக்கு ஒரு வருஷம்.

எங்கள் மணியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் (ஆமாம், மணிதான், உங்கள் தெருவிலும் நாலு மணி இருக்கும்). தத்துக் கொடுக்கும் முகாமிலிருந்து வளர்ந்த நாயாகவே வந்தவன். சப்பாத்தி கொடுத்தால் வாயில் கவ்விக்கொண்டு போய் சோபா இடுக்கில் செருகி வைப்பான், நாளைக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று. பொங்கலைத் தூக்கிப் போக முடியாது என்பதால் அதை மட்டும் அங்கேயே முடிப்பான். அவனுக்கென்று வாங்கிய எவர்சில்வர் கிண்ணத்தில் இன்றுவரை தண்ணீர் குடித்ததில்லை, துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்குவதுதான் ஐயாவுக்குத் தீர்த்தம். ஹெல்மெட்டோடு யார் வந்தாலும் குரைப்பான், கழற்றினால் அதே ஆளிடம் வாலாட்டுவான். டெலிவரி பையன்கள் இப்போது கழற்றிவிட்டுத்தான் பெல் அடிக்கிறார்கள். என் கணவர் குடையை விரித்தால் இவன் அடுப்படியில். தீபாவளிக்குக் குளியலறை வாளிக்குப் பின்னால். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசாங்கம் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது, அது நம் மக்களுக்கும் தெரியும், நள்ளிரவில் வெடிக்கும்போது மட்டும் மறந்துவிடும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது முடிந்துவிடுகிறது, அவனுக்கு 45,000 வரை கேட்கும். நமக்குக் கேட்காததையும் கேட்டுவிட்டு நடுங்குகிறவனை ‘பயந்தாங்கொள்ளி’ என்று வீடியோ எடுத்த உறவினரும் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

இதையெல்லாம் எழுதினால் ‘எல்லோருக்கும் உங்களைப் போல நேரம் இருக்குமா’ என்று வருவீர்கள். எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது என்று யார் சொன்னது? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ‘குழந்தை இருக்கும் வீட்டில் கடித்துவிட்டால்?’ இது நியாயம். கடித்திருந்தால், குழந்தையைப் பார்த்து உறுமியிருந்தால், திருப்பிக் கொடுத்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ரேபீஸ் விளையாட்டில்லை, அறிகுறி வந்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பாது. அதற்குத்தான் மணிக்கு வருஷா வருஷம் தடுப்பூசி. ஆனால் இவருடைய நாய் யாரையும் கடிக்கவில்லையே, கட்டிலுக்கு அடியில்தானே படுத்திருந்தது! அடுத்து, ‘அநாதைப் பிள்ளைகள் எவ்வளவோ இருக்க நாய்க்கு இவ்வளவா’ என்று ஒரு கூட்டம் வரும். நீங்கள் படிக்க வைக்கும் பிள்ளைகளின் பட்டியலைக் கொண்டுவாருங்கள், அப்புறம் பேசுவோம்.

எனக்கு நிஜமாகவே வலித்தது அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் போட்டது. ‘தெருநாய் அப்படித்தான் சார், பேசாமல் ஒரு லாப்ரடார் வாங்குங்கள்’. அதற்கு அவர் ஒரு இதயம் வேறு போட்டிருக்கிறார். சென்னை மே மாதத்தில் பனிப் பிரதேசத்து ஹஸ்கி வளர்த்து, அதற்கு 24 மணி நேரமும் ஏசி போட்டு, அது சோபாவைக் குதறினால் ‘நாட்டி பாய்’. நாட்டு நாய் சோபா இடுக்கில் சப்பாத்தி வைத்தால் ‘கேரக்டர் சரியில்லை’. இதே நியாயம்தான் எங்கள் குடியிருப்பிலும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லி நாய்களைப் பற்றி 11ஆம் தேதி ஒன்றும் 22ஆம் தேதி ஒன்றுமாகச் சொன்னாலும் சொன்னது, இங்கே ஆளாளுக்கு வக்கீல். தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்ற முதல் உத்தரவு வாட்ஸப் குழுவில் பத்து முறை வந்தது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்ற திருத்தம் ஒரு முறைகூட வரவில்லை. மணிக்குக் காது நுனி வெட்டியிருக்கும், கருத்தடை ஆனதற்கு அடையாளம். அதைப் பார்த்துவிட்டு ‘காது வெட்டின நாயையெல்லாம் லிஃப்டில் ஏற்றலாமா’ என்று ஒரு அம்மா கேட்டார். லிஃப்ட் என்றாலே அவன் சுவரோடு ஒட்டிக்கொள்வான் அம்மா, ஒவ்வொரு வேளையும் அவனோடு மாடிப்படி ஏறி என் முட்டிதான் தேய்கிறது.

போன மாதம் ஒரு வளைகாப்பில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, ‘பிள்ளை இல்லாத வீடு, ஏதோ நாயாவது ஓடட்டும்’ என்று என் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பதிலாகவெல்லாம் அவனைக் கொண்டுவரவில்லை. அந்த முகாமில் குட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம், இவனிடம் யாரும் வரவில்லை, அதனால் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். இதை எத்தனை பேருக்கு விளக்குவது? எதற்கு விளக்க வேண்டும்?

சரி, எங்கேயோ போய்விட்டேன். அந்தப் பதிவுக்குக் கீழே இத்தனை பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள், அந்த நாய் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொடுத்த இடத்திலேயே இருக்கிறதா, பழைய தெருவிலேயே விட்டுவிட்டார்களா? நான் கேட்டதற்கு என் கமெண்டை அழித்துவிட்டார். யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மணி இன்னொரு நாயை வாசல்படி ஏற விடமாட்டான், அதனால் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அவசரப்படாத ஒரு வீடாகப் பார்த்துத் தேடுகிறேன். லாப்ரடார் வாங்கச் சொன்னவர்கள் வர வேண்டாம்.