பச்சைக் களா வேறு, காய்ந்த களா வேறு

அந்தக் களாப்பழப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "100 கிராம் களாவில் 39 மில்லிகிராம் இரும்பு, இனி மாத்திரை எதற்கு?" கீழே கர்ப்பிணிகள் வந்து எத்தனை பழம், எந்த வேளை என்று கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்கள்!

39.1 என்ற எண் பொய்யில்லை. உணவுச் சத்து அட்டவணையில் இருப்பதுதான். ஆனால் அது காய்ந்த களாவுக்கு. அதில் ஈரம் 18 சதவீதம். பச்சைப் பழத்திலோ பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கணக்குப் போட்டால் பச்சைப் பழம் 100 கிராமுக்கு நாலைந்து மில்லிகிராம் தேறும். அரசு தரும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம். அதற்கு ஈடாகத் தினம் ஒன்றேகால், ஒன்றரை கிலோ களா தின்ன வேண்டும். தின்று பாருங்கள், வயிறு பதில் சொல்லும். போதாததற்குக் களாவின் துவர்ப்பு, இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும்.

"நம்ம ஊர்ப் பழத்தை நீயே மட்டம் தட்டலாமா?" தட்டவில்லை சாமி. பச்சை வேறு, காய்ந்தது வேறு என்கிறேன். அதற்குள் நான் மருந்துக் கம்பெனி ஆளாகிவிட்டேன். சம்பளம்தான் இன்னும் வரவில்லை.

"சரி, ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதே?" இருக்கிறது. அந்தக் கருஊதா நிறமே ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்தான், தோலில்தான் அதிகம். ஆனால் சோதனைக்குழாயில் வரும் எண் உடம்புக்குள் அப்படியே நடக்காது. எந்த உணவில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு என்று அப்படிச் சோதித்துப் போட்ட மதிப்பெண் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. இங்கே நாம் மதிப்பெண்ணைப் பிடித்துத் தொங்குகிறோம், பழத்தை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறோம். நிறம் நீரில் கரையும், சூட்டில் சிதையும். சோடா உப்புப் போட்டால் நீலம் பாய்ந்து கெடும்.

நன்றாகக் கறுத்து நெகிழ்ந்த பழமாக எடுங்கள். காம்புப் பால் போகப் பத்து நிமிடம் உப்புத் தண்ணீரில் போட்டு அலசி, தோலோடு தின்னுங்கள். ஊறுகாய்க்குச் செங்காய். கிலோவுக்கு 100 முதல் 120 கிராம் கல்லுப்பு, பீங்கான் ஜாடி. இரும்புச் சட்டியில் துவர்ப்பு பட்டால் கறுத்துப்போகும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். ஈரக் கரண்டி போட்டால் மேலே வெள்ளைப் பூசணம் படரும்.

இவ்வளவு பாசம் காட்டுகிறோமே, வேலியில் நின்ற களாவை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு முள்கம்பி கட்டியது யார்? பேக்கரி பன்னில் இருக்கும் 'செர்ரி' பெரும்பாலும் களாதான். உப்புநீரில் ஊறவைத்து, விதையெடுத்து, வேகவைத்து, பாகேற்றி, சொந்த நிறம் போனபின் சிவப்புச் சாயம் ஏற்றியது. அதைக் களா என்று சொன்னால் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

அந்தப் பதிவை எழுதியவர் நல்லெண்ணத்தில் எழுதினாராம். இருக்கட்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அந்தப் பெண்களுக்கு நான் போட்ட பின்னூட்டத்தை நீக்கியதும் நல்லெண்ணம்தானா? இங்கே போட்டிருக்கிறேன். அங்கே கேட்டவர்கள் யாராவது உங்கள் நட்பில் இருந்தால் காட்டுங்கள்.