வர்த்தமானியைத் திருப்பலாம், போகத்தைத் திருப்ப ஏலாது

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது பேச்சு அரசியலுக்குத் திரும்பியது. படித்த, நிதானமான மனிதர் ஒருவர் சொன்னார்: "கோட்டாபய பசளையைத் தடை செய்தது பிழைதான். ஆனால் ஆறேழு மாதத்தில் எடுத்துப்போட்டார் தானே? பிழையைத் திருத்திற தலைவரையும் பேசினால் இனி ஆர் திருத்துவினம்?" பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். கலியாண வீடு என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்றிரவு முழுக்க என்னை விடவில்லை. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததை ஒழுங்காக நினைவுபடுத்திக்கொள்வோம். நான்கைந்து வருடத்துக்குள்ளேயே பலருக்கு வரிசை மாறிப்போய்விட்டது.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச இரண்டு விடயம் சொன்னார். நெல் விவசாயிகளுக்குப் பசளை இலவசம். பத்து வருடத்தில் படிப்படியாக நாடு இயற்கை விவசாயத்துக்கு மாறும். இரண்டையும் நம்பித்தான் சனம் வாக்குப் போட்டது. இலவசப் பசளை வரவும் செய்தது. பிறகு 2021 ஏப்ரலில் திடீரென்று அறிவிப்பு, மே 6ஆம் திகதி வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல். இரசாயனப் பசளை, பூச்சிநாசினி, களைநாசினி என எல்லாவற்றின் இறக்குமதியும் நின்றது. பத்து வருடம் என்று சொன்ன பயணத்துக்குப் பத்து நாள் அவகாசம்கூடக் கொடுக்கவில்லை. நவம்பர் 24ஆம் திகதி, தனியார் இறக்குமதி செய்யலாம் என்று சொல்லித் தடையை எடுத்தார்கள்.

மே தொடக்கம் நவம்பர் வரை. கலண்டரில் பார்த்தால் ஆறரை மாதம். வயலில் இருந்து பார்த்தால் அது வேறு கணக்கு.

நான் வன்னியில் வயல்கரையில் வளர்ந்தவள். எங்கள் பக்கம் காலபோகம் என்று சொல்வோம், அரசாங்கக் கடிதத்தில் பெரும்போகம் என்று வரும். வருடத்தின் பெரிய விளைச்சல் அதுதான். புரட்டாதி, ஐப்பசி மழையைப் பார்த்து விதைப்பு. விதைக்கும்போது அடிக்கட்டுப் பசளை. இரண்டு கிழமை கழித்து முதல் யூரியா. பயிர் மட்டம் வெடிக்கிற, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கிற, நேரத்தில் அடுத்தது. கதிர் உருவாகிக் குடலை தள்ளுவதற்கு முன்னர் இன்னொன்று. நெற்பயிருக்கு மூன்றரை மாதமோ நான்கு மாதமோதான் ஆயுள். அதில் மட்டம் வெடிக்கிற நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் தழைச்சத்து கிடைக்காத பயிர் மஞ்சளாகி, குட்டையாகி, குறைந்த மட்டத்தோடு நின்றுவிடும். பிறகு கப்பல் கப்பலாகப் பசளை கொண்டுவந்து கொட்டினாலும் வெடிக்காத மட்டம் வெடிக்காது.

இப்போது நவம்பர் 24ஐப் பாருங்கள். அது கார்த்திகை. பல இடங்களில் பயிர் ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. அன்று தடை நீங்கியது என்றால் அடுத்த நாள் கமநல சேவை நிலையத்தில் மூடை இருக்கும் என்று அர்த்தம் இல்லை. இறக்குமதியாளர் விலை கேட்க வேண்டும், வங்கியில் நாணயக் கடிதம் திறக்க வேண்டும், வங்கியிடம் டொலர் இருக்க வேண்டும், கப்பல் வர வேண்டும், லொறி ஏற வேண்டும். அந்த வருடம் உலகச் சந்தையில் யூரியா விலை மூன்று மடங்குக்கும் மேலே போயிருந்தது. நாட்டில் டொலரும் இல்லை. தடையை எடுத்த செய்தி வயலுக்கு வந்தது, பசளை வரவில்லை.

விளைவு புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது. 2021இல் இரு போகமும் சேர்த்து நாட்டின் நெல் உற்பத்தி 51 இலட்சம் தொன்னுக்கு மேல். 2022இல் அது 34 இலட்சம் தொன் அளவுக்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. "எடுத்துப்போட்டார் தானே" என்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருக்கால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது மே மாதத்து வர்த்தமானிகூட இல்லை. மே மாதத்துக்கும் நவம்பருக்கும் இடையில் நடந்தவைதான். அந்த மாதங்களில் ஒவ்வொரு கிழமையும் ஒரு கதை. சீனாவிலிருந்து இயற்கைப் பசளை வரும் என்றார்கள். ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் 20,000 தொன்னோடு புறப்பட்டு வந்தது. மாதிரியைச் சோதித்த நம்முடைய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை, அதில் பயிருக்குக் கேடான பற்றீரியா இருக்கிறது என்றது. கம்பனி அதை மறுத்தது. கொடுப்பனவை நீதிமன்றம் நிறுத்தியது, பணம் கொடுக்காத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில், 2022 ஜனவரியில், நாம் இறக்காத அந்தப் பசளைக்கு அறுபது இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தோம். டொலர் மிச்சம் பிடிக்கத்தான் தடை என்று ஒரு காரணமும் சொல்லப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம். அதே மாதம் லித்துவேனியாவிலிருந்து 30,000 தொன் பொட்டாசியம் குளோரைட், அதற்கும் இயற்கைப் பசளை என்றே பெயர். தேயிலைக்கு மட்டும் தளர்வு. ஒக்டோபர் முடிவில் ஜனாதிபதி ஸ்கொட்லாந்து போய், காலநிலை மாநாட்டை ஒட்டி நடந்த கூட்டத்தில், இந்த மாற்றத்தைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். அங்கே பேசி நான்கு கிழமை ஆகவில்லை, இங்கே தடை நீங்கியது. அதே நவம்பரில் கிளைபோசேற் என்ற களைநாசினியின் தடையை நீக்கி ஒரு வர்த்தமானி வந்து, உடனேயே அதை மீளப்பெற்று, வெளியிட்ட அதிகாரியையும் பதவியிலிருந்து எடுத்தார்கள்.

இப்படி நடக்கும்போது ஒரு கமக்காரர் எதை நம்பி விதைப்பார்? பசளை வரும் என்றால் ஒரு கணக்கு, வராது என்றால் வேறு கணக்கு. வராது என்று மே மாதமே உறுதியாகத் தெரிந்திருந்தால் சிலர் பாதி நிலத்தை மட்டும் விதைத்திருப்பார்கள், சிலர் உழுந்து பயறு என்று போயிருப்பார்கள், சிலர் கடனே எடுத்திருக்க மாட்டார்கள். வரும் வராது என்று மாறி மாறிச் சொன்னதால் எந்த முடிவும் எடுக்க முடியாமல், வழக்கம்போல உழுது விதைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கெட்ட முடிவு ஒன்று என்றால் மனிதர் எப்படியோ அதற்கு ஏற்பத் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள். நாளைக்கு என்ன முடிவு என்று தெரியாத நிலைமைக்கு எப்படி ஒழுங்குபடுத்துவது?

சரி, விவசாயிகள் மாற்றத்தை எதிர்த்தார்களா? அதுவும் இல்லை. 2021 யூலையில் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், மூன்றில் இரண்டு பங்கு அளவான விவசாயிகள் இயற்கைப் பசளைக்கு மாறுவதை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அவகாசம், அவ்வளவுதான். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மண்ணில் என்ன கொட்டுகிறோம் என்ற பயம் இல்லாமலா இருக்கும்? எனக்கும் அந்தப் பயம் உண்டு. இயற்கை விவசாயத்தை நான் இன்றும் மனதார விரும்புகிறேன். அந்த எண்ணத்தையே ஊரில் கெட்ட வார்த்தை ஆக்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தனியான துக்கம். இப்போது யாராவது கூட்டெரு என்று வாயைத் திறந்தால் "அந்தக் கதையை விடுங்கோ" என்கிறார்கள்.

அடுத்தது, முன்னமே சொன்னவர்களுக்கு நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே இது விளைச்சலை விழுத்தும் என்று பகிரங்கமாகச் சொன்னார். விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கினார்கள். டிசெம்பரில், தடை நீங்கிய பிறகு, உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று எச்சரித்த அமைச்சின் செயலாளரையும் நீக்கினார்கள். பொலநறுவையிலும் அநுராதபுரத்திலும் தெருவில் இறங்கி அமைச்சரின் கொடும்பாவியை எரித்தவர்கள் எதிர்க்கட்சியின் ஆட்கள் என்றார்கள். 2019இல் அந்த மாவட்டங்கள்தான் அவருக்குப் பெரும்பான்மை கொடுத்திருந்தன. பிழையைத் திருத்துகிறவர், அதைச் சுட்டிக் காட்டியவரைத் திரும்ப அழைத்து இருக்க வைப்பார். இங்கே முடிவு மாறியது, முடிவு பிழை என்றவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

பிழை என்று அவரே வாயால் சொன்னது 2022 ஏப்ரல் 18ஆம் திகதி, புதிய அமைச்சரவைக்கு முன்னால். அதற்கு ஆறு நாள் முன்னர்தான் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்திருந்தது. தடையை எடுத்து ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து. நவம்பரில் சொல்லியிருந்தால் அது திருத்தம். ஏப்ரலில், காலிமுகத்திடலில் அவரைப் பதவி விலகச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்து இருந்த வேளையில் சொன்னதை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பசளை மட்டும் என்றாலும் ஒரு தடவை சறுக்கியது என்று விடலாம். 2021 செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்ச விலை என்று வர்த்தமானி, அந்த மாதம் முடியுமுன் அது இரத்து. 2022 ஏப்ரல் 1ஆம் திகதி இரவு அவசரகாலச் சட்டம், 5ஆம் திகதி இரவு மீளப்பெறல். 2019 டிசெம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டிய வற் எனும் பெறுமதி சேர் வரியை 2022 யூனில் 12 வீதமாக உயர்த்தியது. வர்த்தமானி வந்தால் "பொறுங்கோ, நாளைக்கு மாறும்" என்று கடைக்காரரே சொல்கிற காலமாக இருந்தது. சட்டத்தை யாரும் சட்டமாக எடுக்காத நிலைமை அது.

மலையகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. தேயிலைக்குத் தளர்வு கொடுத்தது ஒக்டோபரில். அதற்குள் கொழுந்து குறைந்துவிட்டது. 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டில் இல்லாத அளவுக்கு விழுந்தது. தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில்தான் வந்திருந்தது, அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. செடியில் கொழுந்து இல்லாவிட்டால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். செடி வெளிறியதற்குக் கொழுந்து பறிக்கிற பெண்ணா பொறுப்பு? ஆயிரம் ரூபாயை ஒரு வர்த்தமானி கொடுத்தது, இன்னொரு வர்த்தமானி கூடையைக் காலியாக்கியது.

நட்டஈடு கொடுத்தார்களே என்பார்கள். ஆம், 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு அதைப் பிரித்தால் ஒருவருக்குச் சராசரியாக நாற்பதாயிரத்துக்கும் குறைவு. அந்த வருடமே ரூபாய் விழுந்து, பொருட்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இலவசம் என்று வாக்களித்த அதே யூரியா, 2022 நடுப்பகுதியில் அரசாங்க விலையிலேயே 50 கிலோ மூடை 10,000 ரூபாய். மரக்கறிக்காரருக்கும் மேட்டுப்பயிர் செய்தவருக்கும் அந்த அறிவிப்பில் இடமே இல்லை.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சி தொடர்பில் அவரும் வேறு சிலரும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய். தீர்ப்பை நான் மதிக்கிறேன், அப்படி ஒரு வரி எழுத்தில் இருப்பதே பெரிய விடயம். ஆனால் வயல்காரருக்கு அது எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கலியாண வீட்டு மனிதருக்கு இப்போது என் பதில். தலைவர் மனம் மாறக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. மாறட்டும். ஆனால் பயிரோடு விளையாடும் முடிவு என்றால் விதைப்புக்கு முதல் சொல்லட்டும், விதைத்த பிறகு அந்தப் போகம் முடியும்வரை அதைத் தொடாமல் இருக்கட்டும். எந்த ஆய்வை வைத்து முடிவெடுத்தார், எந்த ஆய்வை வைத்துத் திருப்பினார் என்று இரண்டையும் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். இடையில் விழுந்த நட்டம் யார் தலையில் என்பதைத் திருப்புகிற அன்றே சொல்லட்டும். இன்று இருக்கிற அரசாங்கத்துக்கும் நாளை வருகிறதுக்கும் இதே கோரிக்கைதான். கட்சி பார்த்து நான் இதை எழுதவில்லை.

அன்று பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஐந்து ஏக்கர் செய்கிற ஒரு பெரியவர். முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தார். கை கழுவப் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, நான் இப்பவும் நாலு மூடை யூரியா அறைக்குள்ள அடுக்கி வைச்சிருக்கிறன். எப்ப என்ன சொல்லுவினமோ தெரியாது." யூரியா ஈரம் இழுக்கும், கன நாள் வைத்தால் கட்டி பிடிக்கும், அது அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும். உடைச்சுப் போடலாம்" என்றார்.