தொஷிகோ அகியோஷியும் எங்கள் மத்தளமும்

ஜப்பானிய ஜாஸ் பியானோக் கலைஞர் தொஷிகோ அகியோஷியின் 'கோகுன்' என்ற இசைத்தட்டை, கிழக்கிலங்கையில் கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவிமார் ஒருதடவை கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அமெரிக்க ஜாஸ் வாத்தியக்குழு முழுமூச்சாக வாசிக்கிறது. அதோடு சேர்ந்து 'நோ' எனும் ஜப்பானின் மரபு நாடகத்துக் குரலும் சுசுமி மேளமும் ஒலிக்கின்றன. ஒன்றுக்கொன்று மரியாதை குறையாமல் இரண்டும் ஒரே இசையாக நிற்கின்றன.

அந்த இடத்துக்கு வர அகியோஷிக்கு நிறையக் காலம் எடுத்தது. 1929இல், இன்று வடகிழக்குச் சீனாவாக உள்ள மஞ்சூரியாவில் பிறந்த ஜப்பானியப் பெண் அவர். போர் முடிந்ததும் குடும்பம் எல்லாவற்றையும் இழந்து ஜப்பானுக்குத் திரும்பியது. பெப்பு நகரத்து நடன மண்டபம் ஒன்றில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். புகழ்பெற்ற ஜாஸ் பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சன் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்ததால் முதல் இசைத்தட்டு வந்தது. 1956இல் புலமைப்பரிசில் பெற்று பொஸ்டன் பெர்க்லி இசைக்கல்லூரிக்குப் போனார். கிமோனோ உடுத்துக்கொண்டு அமெரிக்க ஜாஸ் கலைஞர் பட் பவலின் பாணியில் பியானோ வாசிக்கும் பெண் அங்கே ஒரு காட்சிப்பொருள். பார்க்கத்தான் பலர் வந்தார்கள்.

(அவருடைய முதல் கணவர், சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ, பின்னாளில் நாதஸ்வரம் படித்து இசைத்தட்டுகளிலும் வாசித்தவர். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

இரண்டாவது கணவர் லூ டபாக்கினோடு லொஸ் ஏஞ்சல்ஸ் போய், 1973இல் சொந்தமாக 16 பேர் கொண்ட குழுவைத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் மாறியது. போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸ் காட்டுக்குள் 29 ஆண்டு இருந்த ஜப்பானிய இராணுவ அதிகாரி ஒனோடா 1974இல் வெளியே வந்தார். 'கோகுன்' அவரை நினைத்து எழுதப்பட்டது. அதே ஆண்டு கறுப்பின அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் இறந்தார். தன் இனத்தின் வரலாற்றை அவர் எப்படி இசைக்குள் வைத்திருந்தார் என்று வாசித்தது அகியோஷியை இன்னும் அந்தப் பக்கம் இழுத்தது. அப்புறம் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட ஜப்பானிய மீனவ ஊரைப் பற்றி 'மினமாட்டா'. அதில் அப்போது சிறுமியாக இருந்த அவருடைய மகளின் குரலும் இருக்கிறது. 2001 ஓகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலேயே அந்த ஊரின் கதையை இசையாக அரங்கேற்றினார். அணுகுண்டுப் படங்களைப் பார்த்து முதலில் தயங்கியவர், நிலத்தடியிலிருந்து புன்னகையோடு வெளியே வரும் ஓர் இளம்பெண்ணின் படத்தைக் கண்ட பிறகே அதை எழுதச் சம்மதித்தாராம். கிராமி விருதுக்கு 14 தடவை பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் கோபம்தான்.

சரி, எங்கள் பக்கம் பார்ப்போம். கீபோர்ட்டும் ட்ரம்ஸும் முழங்கும் மேடையில், நடுவில் இரண்டு நிமிடம் வடமோடிக் கூத்து உடுப்போடு ஒருவரை ஆடவிட்டு இறக்கிவிடுகிறார்கள். அதற்கு 'ஃபியூஷன்' என்று பெயர். அகியோஷிக்கு ஆரம்பத்தில் கிமோனோ எதுவோ, அதுதான் இங்கே வடமோடியின் கரப்புடுப்பு. கூத்தின் தாளக்கட்டு எங்கே போனது? பாத்திரத்தின் வரவுக்கு ஒன்று, போருக்கு ஒன்று என்று மத்தளமும் சல்லாரி எனும் கைத்தாளமும் மாறி மாறிப் பேசுமே, அதை ஏன் எந்த இசையமைப்பாளரும் கையில் எடுக்கவில்லை? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரத்தின் இசையைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் வீட்டுக் கல்யாணங்களில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா நடனம் ஆடிய ஊர் இது. மேற்கத்திய வாத்தியம் எங்களுக்குப் புதிதில்லை. போரையும் சுனாமியையும் பார்த்த கரைக்கு, சொல்லவேண்டிய கதைக்கும் பஞ்சமில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பியானோ, சாக்சபோன் படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். லீவுக்கு வந்து கூத்தை வீடியோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கூத்தருக்குப் பாடம் கொடுக்கும் 'சட்டம் கொடுக்கும்' நாளில் வந்து, ஒத்திகையான 'அடுக்கு'ப் பார்த்து, அரங்கேற்றம் முடியும்வரை அண்ணாவியாருக்குப் பக்கத்தில் இருங்கள். பிறகு எழுதுங்கள். எழுதியதில் அவருடைய பெயரையும் உங்கள் பெயருக்குச் சமமாகப் போடுங்கள், வரும் காசிலும் பாதியை அவருக்குக் கொடுங்கள்.