ஆயில்யத்தில் பிறந்தவனுக்கு ஒரு பெயர்

தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்து இன்றோடு 20 நாள் ஆகிறது. மாசி மகத்துக்கு முந்தின நாள் பிறந்தான். ஆயில்யம், இரண்டாம் பாதம், கடக ராசி. எங்கள் பக்கம் அத்தைதான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். நான்தான் மூத்த அத்தை. நான் சொல்லப்போகும் ஒரு சொல்லைத்தான் அவன் ஆயுசு முழுக்கச் சுமக்கப்போகிறான் என்ற நினைப்பு, குழந்தையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து என்னை விடவில்லை.

பிறந்த மூன்றாம் நாள் ஜோசியர் ஒரு தாளில் நான்கு எழுத்து எழுதிக் கொடுத்தார். டி, டு, டே, டோ. இரண்டாம் பாதம் என்பதால் 'டு' ரொம்ப விசேஷம் என்று அதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் வேறு. அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்தான். "டு-வுல என்னக்கா பேரு இருக்கு? ரெண்டு மணி நேரமா தேடுறேன், ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது." குரலில் அழுகை ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தை விட்டுவிட்டு ஒருவன் எழுத்தைத் தேடி அலைந்துகொண்டிருக்கிறான்.

மாட்டாதுதான். தமிழில் ட என்ற எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை என்று தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. அதில் டகரம் கிடையாது. டமாரம், டம்பம் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. அப்படியென்றால் ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழில் பெயரே வைக்க முடியாது என்று ஆகிறது. திருவாதிரைக்காரர்கள் பாடு இன்னும் மோசம், அவர்கள் பட்டியலில் 'ங' இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஆங்கில 'D' எழுத்தில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் ட-வுக்கும் த-வுக்கும் ஒரே எழுத்து. அதனால் தினேஷ், துருவன், தேவன் எல்லாம் ஆயில்யத்துக்குள் வந்துவிடும். எழுத்துதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு எழுத்தையே மாற்றிக் கொடுக்கிற வேலை இது.

சரி, இந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். இதற்கு அவகஹட சக்கரம் என்று பெயர். அ, வ, க, ஹ, ட. முதல் ஐந்து வரிசைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அதுதான் சக்கரத்தின் பெயர். பழைய நட்சத்திர வரிசை அசுவினியில் தொடங்காது, கார்த்திகையில் தொடங்கும். இந்தச் சக்கரமும் அங்கேதான் தொடங்குகிறது. கார்த்திகையின் நான்கு பாதங்களுக்கு அ, இ, உ, எ. மிச்சம் இருக்கும் ஒ ரோகிணிக்குப் போகிறது. கூடவே வ, வி, வு. அடுத்து மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கீ. இப்படியே பந்தியில் இலை போட்டுக்கொண்டே போகிற மாதிரி பாதத்துக்கு ஒரு எழுத்தாக வைத்துக்கொண்டே போகிறார்கள். ஹ வரிசை முடிந்து ட வரிசை ஆரம்பிக்கும்போது பூசத்தின் கடைசி பாதம் வந்துவிடுகிறது. அங்கே 'ட' ஒன்று விழுகிறது. மிச்சம் உள்ள நான்கும் ஆயில்யத்துக்கு.

அவ்வளவுதான். ஆயில்யம் என்ற நட்சத்திரத்துக்கும் 'டு' என்ற ஒலிக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. வரிசையில் அந்த இடத்தில் அந்த எழுத்து விழுந்தது. ஜாதகம் இல்லாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் பார்க்க இந்தச் சக்கரத்தை இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். அது அவர்கள் தொழிலுக்கு வசதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதற்காக ஒரு பிள்ளைக்கு அர்த்தமே இல்லாத ஒலியைப் பெயராக வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் சாமி கும்பிடுகிறவள். நட்சத்திரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் நடக்கும். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. நட்சத்திரத்தை மதித்துப் பெயர் வைக்க வேண்டும் என்றால் வானத்தில் அந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன கதை, யார் அதில் பிறந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

ராமன் பிறந்தது புனர்பூசம். சக்கரத்தின்படி கே, கோ, ஹ, ஹி. பரதன் பூசம். இலக்குவன் எங்கள் வீட்டுப் பிள்ளையின் ஆயில்யம். வால்மீகியும் சரி, கம்பரும் சரி, இலக்குவனுக்கு ஆயில்யம்தான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர் வசிட்டர். சப்தரிஷி மண்டலத்தில் அருந்ததியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே ஒரு நட்சத்திரமாக இருக்கிறார். அவர் வைத்த பெயர்களில் ஒன்றுகூட இந்தச் சக்கரத்துக்குள் வராது. ராஜராஜ சோழன் சதயத்தில் பிறந்தவன். இன்றைக்கும் ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூரில் விழா எடுக்கிறோம். அவனுக்கு வைத்த பெயர் அருள்மொழி. சதயத்துக்கு இவர்கள் கொடுக்கும் எழுத்து கோ, ச, சி, சு.

தம்பியிடம் இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க முடியாது என்று மறு வாரம் ஊருக்கே போய்விட்டேன். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அமாவாசைக்கு முந்தின ராத்திரி, எட்டரை மணி இருக்கும், அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே மிருகசீரிடமும், அதன் பக்கத்தில் செம்மஞ்சளாகத் திருவாதிரையும். அங்கிருந்து கிழக்கே வந்தால் சில நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு சின்ன வளையம். ரொம்ப மங்கல். தெருவிளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். அதுதான் ஆயில்யம், பாம்பின் தலை. அங்கிருந்து உடம்பு வளைந்து வளைந்து தென்கிழக்கே தென்னை மட்டைகள் வரை இறங்குகிறது. வானத்தைப் பிரித்து வைத்திருக்கும் 88 மண்டலங்களில் இதுதான் பெரியது. கிரேக்கர்கள் இதை நீர்ப்பாம்பு என்றார்கள். நம்மவர்களும் அதே தலையைப் பார்த்து ஆயில்யத்துக்கு அதிதேவதை நாகம் என்றார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆயில்ய நாள் விசேஷம் என்பது எல்லோருக்கும் தெரியும்; அந்த ஆயில்யம் தலைக்கு மேலே இருக்கிறது என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இப்போது இலக்குவனைச் சேர்த்துப் பாருங்கள். அவன் ஆதிசேஷனின் அம்சம். பாம்பின் நட்சத்திரத்தில் பாம்பின் அவதாரம் பிறக்கிறது. இதை யோசித்துச் சொன்னவர்களுக்கு வானமும் தெரிந்திருக்கிறது, கதையும் தெரிந்திருக்கிறது. தம்பி ரொம்ப நேரம் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இலக்குவன்னே வச்சிருவோமாக்கா?" என்று அவனாகத்தான் கேட்டான். ல-வில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் முன்னால் ஒரு 'இ' போட்டு நம் மொழி அவனை நம் வீட்டுப் பிள்ளையாக ஆக்கிக்கொண்டது. எனக்கு அந்த 'இ' ரொம்பப் பிடிக்கும்.

தம்பி மனைவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "மதினி, அவன் கட்டினவளைப் பதினாலு வருஷம் விட்டுட்டுப் போனவன்" என்றாள். நியாயமான பேச்சு. ஊர்மிளைக்கு யாரும் பதில் சொன்னதில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம் நான் நினைப்பதைச் சொன்னேன். கங்கைக் கரையில் அண்ணனும் அண்ணியும் தூங்க, வில்லை ஊன்றிக்கொண்டு விடிய விடிய இமைக்காமல் நின்றவன் அவன். அதைக் குகனே பரதனிடம் சொல்கிறான். யாருக்காவது துணை நிற்கிற குணம் இந்தப் பிள்ளைக்கு வரட்டும், கட்டுகிறவளை விடாமல் இருக்க நாம் சொல்லி வளர்ப்போம் என்றேன். அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது "இலக்குவா, காலை நீட்டு" என்றாள். சரி, முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த ராத்திரி மாடியில் இன்னொன்றும் பார்த்தோம். நேர் தெற்கே, அவ்வளவு உயரமில்லாமல், பளீரென்று ஒரு நட்சத்திரம். அகத்தியர். வானத்தில் சிரியஸுக்கு அடுத்து பிரகாசமானது அதுதான். எங்கள் ஊரில் 28 டிகிரி உயரம் வரை வரும். டெல்லியில் இருந்து பார்த்தால் 9 டிகிரியைத் தாண்டாது. தெற்கே போகப் போக அது மேலே மேலே ஏறும். அகத்தியர் தெற்கே வந்தபோது விந்திய மலை தாழ்ந்தது என்ற கதையை இதோடு வைத்துப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பொதிகை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அகத்தியன் என்று இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று ஆசை. துருவனை எங்கள் மாடியிலிருந்து பார்க்க முடியாது. வடக்கே 9 டிகிரிக்கும் குறைவான உயரத்தில் மரங்களுக்குள் இருக்கிறான். சென்னையிலிருந்து 13 டிகிரியில் பார்க்கலாம்.

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். கார்த்திகைக்குக் கார்த்திகேயன் இருக்கிறான். சங்கப் பாட்டு அதை அறுமீன் என்கிறது, வெறும் கண்ணுக்கு இன்றைக்கும் அநேகமாக ஆறுதான் தெரியும். விசாகத்துக்கு விசாகன் என்று முருகன் பெயரே இருக்கிறது. திருவாதிரைக்கு ஆதிரையன். 2019 கடைசியில் அந்த நட்சத்திரம் திடீரென்று மங்கி, உலகமே அண்ணாந்து பார்த்து, சில மாதங்களில் பழையபடி பிரகாசித்தது. அதைச் சொல்லி வளர்க்கலாம். திருவாங்கூர் ராஜாக்கள் நட்சத்திரத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள், சுவாதித் திருநாள், மூலம் திருநாள் என்று. ஆயில்யம் திருநாள் என்றும் ஒரு மகாராஜா இருந்தார். அவருக்கு யாரும் டு தேடவில்லை.

அப்புறம், அவசரப்படாதீர்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை இடம் உண்டு. "நாளைக்கே பேரு வேணும்" என்று யாராவது நெருக்கினால், ஒரு நல்ல இருட்டு ராத்திரி மாடிக்குப் போய்விட்டு வந்து முடிவு செய்யுங்கள்.

பதினாறாம் நாள் தொட்டில் போட்டோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். வலது காதருகே குனிந்து, வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இலக்குவன், இலக்குவன், இலக்குவன் என்று சொன்னேன். மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தான். ஆச்சிக்கு எண்பத்தி நாலு வயசு, இலக்குவன் என்று அவளுக்கு வாயில் நுழையவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "லெச்சுமணா, ஏ லெச்சுமணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.