இடிக்கட்டும், ஆனால் கீழ்த்தளத்தை விட்டுக் கொடுங்கள்

ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலையில் இருந்த அடையார் கேட் ஹோட்டலைப் பற்றி நேற்று சும்மா ஒரு வரி எழுதினேன். கமெண்டில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எனக்கு அது பார்க் ஷெரட்டன். என்னைவிடச் சின்னவர்களுக்கு க்ரௌன் பிளாசா. மூத்தவர்கள் ஹாலிடே இன் என்கிறார்கள். போர்டு எத்தனை முறை மாறினாலும் ஆட்டோக்காரரிடம் "அடையார் கேட்" என்றால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார். 2023 டிசம்பரில் அதை மூடினார்கள். நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே இனி ஹோட்டல் கிடையாது, விலை உயர்ந்த அடுக்குமாடி வீடுகள்தான்.

"பழசைக் கட்டிக்கொண்டு அழுவதே உங்களுக்கு வேலையா சார்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

தம்பி, அந்தக் கட்டடத்துக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது ரிப்பன் மாளிகையும் இல்லை, சென்ட்ரல் ஸ்டேஷனும் இல்லை. 1980களில் கட்டிய ஒரு சாதாரண நட்சத்திர ஹோட்டல். கணக்கும் எனக்குப் புரிகிறது. இன்றைய விதிப்படி சென்னையில் உயரமான கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு, 3.25. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு நிலத்தில் 7,800 சதுர அடி எழுப்பலாம். பிரீமியம் என்ற கூடுதல் கட்டணம் கட்டினால் அதற்கு மேலும் கிடைக்கும். ஆழ்வார்பேட்டையில் ஒரு சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். அறை வாடகைக்கு விட்டும் சாப்பாடு போட்டும் அந்தப் பணத்தைப் பார்க்க எத்தனை தலைமுறை ஆகும்? விற்றவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் விற்றிருப்பேன்.

என் வருத்தம் வாசலைப் பற்றியது.

ஹோட்டல் தனியார் சொத்துதான். ஆனால் முன்பின் தெரியாத யாரும் உள்ளே போய் உட்காரலாம். "யாரும்" என்பது கொஞ்சம் மிகை, ஒத்துக்கொள்கிறேன். நட்சத்திர ஹோட்டல் வாசலில் தலைப்பாகை கட்டிய மீசைக்காரர் சல்யூட் அடித்தாலே நம்மில் பாதிப் பேருக்குக் கால் பின்னும். இருந்தாலும் ஒரு காபிக்கான காசு பையில் இருந்தால் ஏசியில் ஒரு மணி நேரம் உட்காரலாம், பாத்ரூம் போகலாம், எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெயில் காலத்தில் இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே அலைந்து வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தது இப்படி ஒரு காபி ஷாப்பில்தான். வீட்டுக்கு வரச் சொன்னால் அக்கம்பக்கம் கேட்கும், பிடிக்காவிட்டால் சங்கடம். ஹோட்டல் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொது. பெண்ணும் பையனும் தள்ளி ஒரு மேஜையில், பெற்றவர்கள் இன்னொரு மேஜையில். பில் வந்ததும் யார் கொடுப்பது என்று இரண்டு அப்பாக்களும் பர்ஸை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். எங்கள் மாமா பின்னாளில் சொன்னார்: "அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் சம்பந்தம் சரிப்படும்னு முடிவு பண்ணேன்."

சரி, அடையார் கேட்டுக்கே வருகிறேன். அங்கே தக்ஷிண் என்று ஓர் உணவகம். தென்னாட்டுச் சமையலை நட்சத்திர ஹோட்டலில், வெள்ளித்தட்டில் வாழையிலை போட்டுப் பரிமாறினார்கள். வேட்டி கட்டிய ஒருவர் தள்ளுவண்டியோடு மேஜைப் பக்கம் வருவார். குழிக்கல்லில் எண்ணெய் விட்டு, மாவை ஊற்றி, கம்பியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டு, சுடச்சுட எடுத்து வைப்பார். பில்லைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும், அது வேறு. தாஜையும் ஓபராயையும் பார்த்து வளர்ந்த வடநாட்டு விருந்தாளியை அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தபோது நமக்கே முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததா இல்லையா?

அதே மண்ணில் நாளை நான் போய் நின்றால் செக்யூரிட்டி கேட்கப்போவது, "எந்த பிளாட் சார்? யாரைப் பார்க்கணும்?" அத்தோடு முடிந்தது.

கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 1962-ல் உட்லண்ட்ஸ் ஹோட்டல்களின் கிருஷ்ண ராவ் தொடங்கியது. காரை மரத்தடியில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். சினிமாக் கதை விவாதம், மெடிக்கல் ரெப்களின் காலைக் கூட்டம் எல்லாம் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். 2008-ல் மூடினார்கள். ஆனால் அந்த இடம் செம்மொழிப் பூங்காவானது. சாம்பார் இட்லி போனது போனதுதான், ஆனால் இன்றைக்கும் டிக்கெட் எடுத்தால் உள்ளே போகலாம். அதனால் அதில் எனக்குப் பாதி வருத்தம்தான்.

பாரம்பரியக் கட்டடச் சட்டம் காப்பாற்றுமே என்பவர்கள், மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள், வழக்குப் போட்டு நிறுத்தினார்கள், 2010-ல் நல்ல தீர்ப்பும் வந்தது. அதற்கப்புறமும் பல ஆண்டுகள் பாழடைந்தே கிடந்தது. சுவர் பிழைத்தது, உள்ளே மனிதர்கள் இல்லை. கன்னிமாரா ஹோட்டலின் கதை வேறு. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதை மாற்றி அமைத்தார், 2018-ல் மறுபடி புதுப்பித்துத் திறந்தார்கள். இன்றைக்கும் அங்கே போய்ச் சாப்பிடலாம். பாதுகாப்பு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலைப் பாருங்கள். முதல் கட்டடம் 1890. அடுத்தது அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டியது. 1923-ல் திறப்பு விழா நாளன்றே பெரும் பூகம்பம் வந்து, அதில் தப்பி நின்ற கட்டடம். உலகமே கொண்டாடிய அதையும் 1968-ல் இடித்தார்கள். முகப்பை மட்டும் பெயர்த்துக்கொண்டுபோய் நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டட அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1970-ல் வந்த மூன்றாவது கட்டடத்தையும் இடித்துவிட்டு, 2036-க்குள் புதிதாகக் கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ரைட்டின் கட்டடத்தை இடித்தது பாவம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதே இடத்தில், அதே பெயரில், மறுபடி ஹோட்டல்தான் வருகிறது. தாத்தா கல்யாணம் நடந்த இடத்தில் பேத்தி போய்க் காபி குடிக்கலாம்.

நம் ஊரிலும் இதற்கு வழி உண்டு. கட்டட அனுமதி கொடுக்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) விதியில் ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு, என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால் பத்து சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கொள்கையையே கொஞ்சம் நீட்டலாம். ஹோட்டலோ தியேட்டரோ கல்யாண மண்டபமோ இருந்த மனையில் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டால், தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தில் ஒரு பகுதியைப் பொதுப் புழக்கத்துக்கு விட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். உணவகமோ, காபிக்கடையோ, நூறு பேர் உட்காரும் அரங்கமோ, எதுவாகவும் இருக்கட்டும். பிரீமியம் எஃப்எஸ்ஐ கொடுக்கும்போதே இதையும் கேட்டு வாங்கலாம்.

குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு, பாதுகாப்பு இல்லை என்பார்கள். சௌகார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் கீழே கடை, மேலே வீடு என்று தலைமுறை தலைமுறையாக வாழவில்லையா? வீட்டுக்குத் தனி வழி, கடைக்குத் தனி வழி வைப்பது எந்தப் பொறியாளருக்கும் பெரிய காரியமில்லை. பில்டர்கள் யாராவது இதைப் படித்தால், கீழே நல்ல டிகிரி காபி கிடைக்கிற பிளாட்டுக்கு விலை கூடுமா குறையுமா என்று உங்கள் மார்க்கெட்டிங் ஆட்களிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.