லீவுக்கு ஆர்டர் வருகிறது, பில்லில் கையெழுத்துப் போட ஆர்டர் வருவதில்லை

மாதத்தின் கடைசி வேலை நாளில் தமிழ்நாடு அரசு ஊழியருக்குச் சம்பளம் ஏற வேண்டும். எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் போன மாதம் ஒருவருக்கும் ஏறவில்லை. அரசிடம் பணம் இருக்கிறது, கருவூலத்திலும் தடை இல்லை. சம்பளப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்!

தலைமை ஆசிரியருக்கு மூட்டு அறுவை சிகிச்சை, இரண்டு மாத மருத்துவ விடுப்பு. மனிதர் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மூத்த பட்டதாரி ஆசிரியையைப் பொறுப்பாகப் போட்டு ஆணையும் வந்தது. ஆனால் பணம் பெற்று வழங்கும் அதிகாரம் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த டிடிஓ அதிகாரம் இல்லாமல் அவர் பள்ளியை நடத்தலாம், பில்லைத் தொட முடியாது.

நான் இங்கே இளநிலை உதவியாளர். தனி ஆணை கேட்டுக் கடிதம் போட்டேன், நினைவூட்டு போட்டேன், நேரிலும் போனேன். கடைசியில் மேலிடத்திலிருந்து போனில் வந்த பதில் இது: "ஹெச்எம் கிட்ட பாஸ்வேர்டை வாங்கி நீங்களே அப்ரூவ் பண்ணிடுங்க சார், எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் ஓடுது."

எனக்கு வயிறு எரிகிறது. சம்பள பில் போடும் அரசின் ‘களஞ்சியம்’ மென்பொருளில் பில்லைத் தயார் செய்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று தனித்தனிப் படி வைத்தது எதற்கு? பட்டியல் போட்ட கையே பணத்தை விடுவிக்கக் கூடாது என்பதற்குத்தானே! நாளைக்கு ஒரு இன்கிரிமென்ட் தப்பாக ஏறி, தணிக்கையில் பிடித்தால், பதில் சொல்ல வேண்டியவர் காலில் கட்டோடு படுத்திருக்கும் மனிதர். ஒரு தாளில் முறையாகக் கொடுக்க வேண்டிய அதிகாரத்தைக் கொடுக்காமல், திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆசிரியையும் பயப்படுகிறார், அது நியாயமான பயம். ரொக்கப் பதிவேட்டில் எவ்வளவு இருப்பு, எந்தெந்த பில் நிலுவை என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டுப் பொறுப்பை மாற்றியிருந்தால் அவர் தைரியமாக நின்றிருப்பார். அதை யாரும் செய்யவில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் அலுவலகத் தலைவரே தனக்குக் கீழுள்ள கெசட்டட் அதிகாரிக்கு பில்லில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுக்கலாம், கணக்குக்கான பொறுப்பு தலைவரை விட்டுப் போகாது. இங்கே விடுப்பு ஆணையிலேயே "இன்னாருக்கு டிடிஓ அதிகாரமும் வழங்கப்படுகிறது" என்று சேர்த்து அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியில் டிடிஓ அதிகாரத்துக்கான ஆணை இந்த மாதம் 9ஆம் தேதி வந்தது, சம்பளம் 12ஆம் தேதி ஏறியது. அதற்குள் எத்தனை பேருக்கு 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை திரும்பி, வங்கி அபராதம் பிடித்தது! எங்கள் இரவுக் காவலர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். "வட்டியை யார் சார் தருவாங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

தலைமை ஆசிரியர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்கு 60 வயது முடியும் நாள் பணிப்பதிவேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அன்றைக்கு யாருக்கு டிடிஓ அதிகாரம் என்று கேட்டு நேற்றே கடிதம் அனுப்பிவிட்டேன். இந்த முறை பதிவுத் தபாலில்.