காது மெஷின் கேள்வித்தாள் 'வியாபாரத் தந்திரம்' அல்ல

"காது மெஷின் போட்டவரிடம் கேள்வித்தாள் நிரப்பச் சொல்வது வியாபாரத் தந்திரம், ஆடியோகிராம் ஒன்றே போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஆடியோகிராம், அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய 'பீப்' கேட்கிறது என்று அளக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவது புரிகிறதா என்பதை மெஷின் போட்டவர்தான் சொல்ல முடியும்.

இப்படிக் கேட்கும் கேள்வித்தாள்களில் ஒன்றான ஐஓஐ-ஹெச்ஏ (IOI-HA) படிவத்தில் 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முதல் கேள்வியே கடந்த இரண்டு வாரங்களில் தினமும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதுதான். மெஷின் அலமாரியில் தூங்கினால் இங்கேயே தெரிந்துவிடும்.

1995இல் வெளியான அஃபாப் (APHAB) என்ற இன்னொரு படிவத்தில் 24 கேள்விகள். மெஷின் இல்லாமல், மெஷினோடு என இருமுறை பதில் சொல்ல வேண்டும். சிரமம் 70 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கினால் பயன் 30. சில கேள்விகள் தலைகீழாக இருக்கும், அவற்றில் 'எப்போதும்' என்றால் சிரமம் இல்லை என்று பொருள். படிக்காமல் வரிசையாக 'எப்போதும்' என்று குறித்தால் கணக்கே கெட்டுவிடும். பலத்த சத்தம் பற்றிய பகுதியில் மெஷினோடு சிரமம் கூடுவது சகஜம். அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம், ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) மெஷினின் அதிகபட்ச ஒலி அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மகனோ மகளோ யூகித்து நிரப்பக் கூடாது. ஆடியோகிராமுக்குக் கேள்வித்தாள் மாற்றும் அல்ல, இரண்டும் வேண்டும்.

அஃபாப் பற்றிய விவரம் மெம்பிஸ் பல்கலைக்கழக ஹியரிங் எய்ட் ஆய்வகத் தளத்தில் உள்ளது. அந்த வாட்ஸ்அப் தகவல் வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.